பக்கிங்ஹாம் வெட்டாத கால்வாய்

ஆந்திராவில் பெத்தகஞ்சாம் என்ற ஊரில் தொடங்கி நம்ம மரக்காணம் வரைக்கும், வங்கக் கடலை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் இருக்கிறது. அதில் சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பக்கிங்ஹாம் கால்வாய் என்று பேர். பக்கிங்ஹாம் என்பவர் இங்கிலாந்துப் பிரபு. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அவர் ஒரு கூடை மண் சுமந்ததில்லை. சுமந்தவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வெள்ளகோவில்காரன். எங்க சீமையில் படகுக்கு வேலை கிடையாது. கொறங்காடும் கிளுவ வேலியும் காங்கேயம் மாடும்தான் எங்க ஊர். தண்ணி என்றால் கிணத்துக்குள்ளே எட்டிப் பார்க்கிற சமாச்சாரம். போன மாசி மாசம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நில உரிமைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே எனக்கு ரொம்ப வருசப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். கேளம்பாக்கத்துக்குப் பக்கம், கால்வாயை ஒட்டின காலனியில் குடியிருப்பவர். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், "தோழர், பஸ்சு சாயங்காலம்தானே. நம்ம கால்வாய்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க" என்று கூப்பிட்டார். கவர்மெண்டு மேப்பில் பிரபுவின் பேரில் கிடக்கிற கால்வாயை அவர் 'நம்ம கால்வாய்' என்றார். எந்த உரிமையில் என்று நான் கேட்கவில்லை. போகப் போகத் தெரிந்தது.

படகு அவருடைய மச்சானுடையது. மீன் பிடிக்கிற சின்ன மரப்படகு. ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் ஒதுங்க இடமில்லை. நான் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னால் நின்று கழியை அடித்தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார். மாசி மாசத்தில் தண்ணி இடுப்பளவு. மொத்தமாக ஒரு நாலு கிலோமீட்டர் போயிருப்போம். ரெண்டு மணி நேரம் ஆனது.

ரெண்டு பக்கமும் உப்பளங்கள். கிழக்கே திரும்பினால் கடற்கரைச் சாலை ஓரத்து விடுதிகள். மேற்கே திரும்பினால் பழைய மாமல்லபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள். நடுவில், நாங்கள் போன தண்ணிக்குள்ளேயே, இருளர் பெண்கள் நாலு பேர் கழுத்தளவு உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட பல்லில் கடித்த பறி. வலை இல்லை, படகு இல்லை. கைதான் கருவி. நண்பர் கழியை நிறுத்தி, படகு அலை அவர்கள் மேல் படாமல் ஓரமாக ஒதுங்கி மெதுவாகத் தாண்டினார்.

இங்கிலாந்திலும் இப்படிக் குறுகலான கால்வாய்கள் உண்டு. அதில் ஏழடி அகலத்தில் நீள நீளமான படகுகள் விட்டார்கள். நிலக்கரியும் மண்பாண்டமும் அதில் போயின. படகுக்காரன் குடும்பமே அந்த ஏழடிக்குள் குடியிருந்தது. இன்றைக்கு அந்தக் கால்வாய்கள் விடுமுறைக்குப் போகிற இடம். வாடகைக்குப் படகு எடுத்து நண்பர்களோடு மெல்லப் போகிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு விசயம். அந்தக் கால்வாய்களைத் தோண்டின கூலிகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பேர் நின்றுவிட்டது. 'நேவி' என்பார்கள். நீர்வழி வெட்டுகிறவன் என்ற அர்த்தத்தில் வந்த சொல். அது அகராதியில் இருக்கிறது, அவர்களைப் பற்றி வரலாறு எழுதியிருக்கிறார்கள். நம்ம கால்வாயைத் தோண்டினவர்களுக்கு அந்தச் சொல் கூட மிஞ்சவில்லை.

இந்தக் கால்வாய் ஒரே மூச்சில் வெட்டப்பட்டதல்ல. முதல் துண்டு, சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 11 மைல், 1806 இல் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி லாபத்துக்காக வெட்டியது. அதனால் காக்ரேன் கால்வாய் என்றே பேர். 1837 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே பழவேற்காடு தாண்டியும், தெற்கேயும் துண்டு துண்டாக நீட்டினார்கள். சென்னைக்கு விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் முடியாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். வடபக்கத்துக் கால்வாயும் தென்பக்கத்துக் கால்வாயும் நகரத்துக்குள் ஒட்டாமல் நின்றன. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற அந்த எட்டு கிலோமீட்டர் 1877-78 இல் வெட்டப்பட்டது. அதற்கப்புறம்தான் மொத்தக் கால்வாய்க்கும் கவர்னர் பேரை வைத்தார்கள்.

1877-78 என்றால் என்ன காலம்? தாது வருசப் பஞ்சம். நம் பாட்டன் பாட்டிகள் வயசுக் கணக்குச் சொல்லும்போது 'தாது வருசத்துக்கு முந்தி, பிந்தி' என்று சொன்ன அந்தப் பஞ்சம். 1876 இல் மழை பொய்த்தது. மழை மட்டும் பொய்த்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள். தானியம் இருந்தது. விலைதான் கைக்கு எட்டவில்லை. ரயில் பாதை அதற்குள் வந்துவிட்டது. 1860களிலேயே சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூர் வரை ரயில் ஓடிற்று. அந்த ரயில் தானியத்தைப் பசித்தவனிடம் கொண்டுபோகவில்லை, விலை கூடின இடத்துக்குக் கொண்டுபோயிற்று. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-78 இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை கப்பலேறியது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள்.

அதே ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஜனங்களைச் சாகாமல் காப்பாற்றியவர். அதற்குப் பரிசாக 'கஜானாவைக் காலி செய்தவன்' என்ற பேரைத்தான் வாங்கினார். அந்தப் பேரைத் துடைக்கிற இடமாக நம் மாகாணம் அவருக்குக் கிடைத்தது. நிவாரண வேலையில் மண் வெட்டுகிற ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதற்கு மேல் ஓரணா என்று கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்கும் கீழே. 'டெம்பிள் கூலி' என்று இது சரித்திரத்தில் பேர் பெற்றது.

மாகாணத்தின் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். இது உடம்பை வைத்திருக்கவே பத்தாது, வேலை எப்படிச் செய்வான், ஒன்றரை பவுண்டாவது கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சிறைக் கைதிக்குப் போடுகிற சோற்றை விட இது கம்மி என்று காட்டினார். கொஞ்ச மாசம் இழுத்தடித்துவிட்டு கூலியைச் சிறிது உயர்த்தினார்கள். அதற்குள் போக வேண்டியவர்கள் போய்விட்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் மைக் டேவிஸ் 2001 இல் வெளியிட்ட பஞ்ச வரலாற்றில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். டெம்பிள் கூலியில் கிடைத்த சக்தி நாளுக்கு 1,627 கலோரி. 1944 இல் நாஜிகளின் புச்சென்வால்ட் வதைமுகாமில் கொடுத்தது 1,750 கலோரி.

படகில் போகும்போது இந்தக் கணக்கை நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழி ஊன்றாமல் நின்றார். படகு தானாக மிதந்து போயிற்று. "எங்க பாட்டி கணக்கு வேற மாதிரி தோழர்," என்றார். "மண்ணு கூடை எறக்குனவ திரும்பி எழுந்திருக்கலன்னா, பின்னால வர்றவ அந்தக் கூடையையும் சேத்து எடுத்துக்கணும்னு சொல்லுவா. அவ பாத்தது இல்ல. அவளோட பாட்டி சொன்னது." இதற்குச் சான்று கேட்டால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. அங்கே இருப்பது எத்தனை யார்டு மண், எத்தனை ஆள், எத்தனை ரூபாய் என்ற கணக்கு. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் சரித்திரம் முழுசாகும்.

யார் இந்த மண் சுமந்தவர்கள்? பஞ்சத்தில் முதலில் சாய்ந்தவர்கள் நிலமில்லாக் கூலிகளும் நெசவாளிகளும். இதை அரசாங்கத்துப் பஞ்சக் கமிஷனே ஒத்துக்கொள்கிறது. நிலமில்லாக் கூலி என்பதைச் செங்கல்பட்டு ஜில்லாவில் சாதியாக மொழிபெயர்த்தால் பறையர். ஜில்லா ஜனத்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. நிலத்துக்கு மிராசுதார், உழுவதற்குப் படியாள். விளைந்த வருசம் படி அளப்பான். விளையாத வருசம் படியை நிறுத்துவான். மழை பொய்த்தவுடன் மிராசுதார் குதிரைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ள, படியாள் குடும்பத்தோடு ரோட்டுக்கு வந்தான். ஆக, பஞ்ச முகாமுக்கு ஆளைத் துரத்தின வேலையைச் சாதி செய்தது. வந்த ஆளைக் குறைந்த கூலியில் பிடித்துக்கொண்ட வேலையை வெள்ளை அரசாங்கம் செய்தது. ஒருவர் மேல் மட்டும் பழி போட்டு எழுதுகிற தேசிய வரலாற்றில் இந்தக் கூட்டுறவு காணாமல் போகிறது.

சென்னையில் வயசானவர்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் அங்கே கஞ்சி ஊற்றினார்கள், அந்தப் பேர் இன்னும் போகவில்லை. நூறு வருசம் கழித்து வந்த பெரும் பஞ்சத்தைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள். ஹூப்பர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எடுத்த போட்டோக்களில் எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்ட மனிதர்களை நாம் பார்க்கிறோம். போட்டோ எடுத்தவன் பேர் தெரியும். உட்கார்ந்தவர்கள் பேர் தெரியாது.

நாங்கள் போன பக்கம் உப்பளத்தில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டி நண்பர், "பஞ்சத்துல உப்பாவது சும்மா கெடச்சிருக்கும் இல்ல?" என்றார். அதுவும் கிடைக்கவில்லை. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். ஜனங்கள் பஞ்சத்தில் கிடந்த 1877 இன் கடைசியில், சென்னை மாகாணத்தில் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரியை 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தினார்கள். காந்தியார் தண்டிக்கு நடப்பதற்கு 53 வருசம் முன்னால் நடந்தது இது. உப்பு விளைகிற ஊரில், அந்த உப்பைச் சுமக்கிற கால்வாயை வெட்டினவர்கள் தலையில் அந்த வரியும் ஏறியது.

இதெல்லாம் செங்கல்பட்டுக் கதை, கொங்கு நாட்டானுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தாது வருசம் எங்களையும் விடவில்லை. 1871 கணக்கில் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 17 லட்சத்து 60 ஆயிரம். 1881 இல் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம். பத்து வருசத்தில் ஏற வேண்டிய தொகை, ஒரு லட்சம் இறங்கியிருக்கிறது. செத்தவர்கள், இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள், திரும்பாதவர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம்.

மாடும் செத்தது. காங்கேயம் சீமையில் மாடு செத்தால் உரிக்கிற கடமை எங்கள் வளவுக்கு. பஞ்ச வருசங்களில் சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது. செத்த மாட்டின் தோல் கப்பலேறிப் பணமானது. உரித்தவனுக்கு அந்தக் கறி மிஞ்சியது. அதைத் தின்றான் என்பதற்காக அடுத்த நூறு வருசம் அவனைத் தீண்டத்தகாதவன் என்றார்கள். அருந்ததியர் வீட்டுப் பிள்ளையாக இதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்? எங்க தாத்தா கவலை ஏத்தத்துக்குத் தோல் தும்பி தைத்தவர். அவர் தைத்த தும்பி வழியாகத்தான் பண்ணாடிமார் கிணத்துத் தண்ணி மேலே ஏறிக் காட்டுக்குப் பாய்ந்தது. அதே கிணத்தில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடிக்க அவருக்கு முடியாது. மேலே நின்று யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். கரண்டு மோட்டார் வந்தது, தும்பி போயிற்று, தைக்கிற வேலையும் போயிற்று. கிணறு மட்டும் அவர்களுடையதாகவே இருக்கிறது.

பஞ்சம் முடிந்து பதிமூணு வருசம் கழித்து, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891 இல் ஒரு அறிக்கை எழுதினார். செங்கல்பட்டுப் பறையர்கள் நிலை பற்றியது. குடியிருக்கிற குடிசை அடிமனையே மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்கிறான், சும்மா கிடக்கிற புறம்போக்கை உழுகிறேன் என்று தர்காஸ்து கொடுத்தாலும் மிராசுதார் மறித்துவிடுகிறான், கடனில் கட்டுண்ட படியாள் தலைமுறை தலைமுறையாக விடுபடுவதில்லை என்று அவர் எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்களும் இதே விசயத்தை வலியுறுத்தினார்கள். இதன் பேரில் 1892 செப்டம்பர் 30 ஆம் தேதி அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் 'பஞ்சமி நிலம்' என்கிறோமே, அது இங்கே தொடங்கியது. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்கின்றன.

இதை வெள்ளைக்கார கலெக்டரின் கருணை என்று மட்டும் படிக்கக் கூடாது. அதே 1891 இல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானம் போடுகிறார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்குகிறார், 1893 இல் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை நடத்துகிறார். சீனிவாசன் பிறந்தது செங்கல்பட்டு ஜில்லா கோழியாளம். படித்தது எங்கள் கோயம்புத்தூரில். 1939 இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில், பள்ளியில் இருந்த சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் போக மற்றெல்லோரும் பிராமணர் என்றும், சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து ஒருவரோடும் பழகாமல் ஒதுங்கியே இருந்ததாகவும் சொல்கிறார். தாது வருசத்தில் அவருக்குப் பதினேழு வயசு இருக்கும். அந்தத் தலைமுறை பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை. மண் வெட்டுகிற வேலை கொடுத்தால் நாங்கள் பிழைக்க மாட்டோம், வெட்டுகிற மண் எங்களுடையதாக இருந்தால்தான் பிழைப்போம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததற்கு அந்தப் பஞ்சமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த நிலம் என்ன ஆனது? நண்பர் கழியை உயர்த்தி மேற்கே காட்டினார். "அதோ தெரியுது பாருங்க, கட்டடம். அதுக்கு அண்டைல எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு காலத்துல பட்டா இருந்துச்சுன்னு பெருசுங்க சொல்லுவாங்க. பேப்பர் எங்க? கடனுக்கு அடமானம் போச்சு, கைநாட்டு வெச்சது போச்சு, கேட்டா ரெக்கார்டுல இல்லன்றான்." மாகாணம் முழுக்க இதே கதை. பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் ஜனங்கள் கிளம்பினார்கள். 1994 அக்டோபர் 10 ஆம் தேதி அந்தப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். வருசா வருசம் அந்த நாளில் நாம் அஞ்சலி செலுத்துகிறோம். அந்த இருவர் பேர் நமக்குத் தெரிகிறது என்றால், அது நாம் எழுதி வைத்ததால். 1877 இல் செத்தவர்களுக்கு எழுதி வைக்க ஆளில்லை.

கால்வாய்க்கும் பிறகு நல்ல காலமில்லை. ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960களிலும் 1976 இலும் அடித்த புயல்களில் தூர்ந்து, படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. சென்னை நகரத்துக்குள் சாக்கடை கலந்தது. அப்புறம் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். முதல் பகுதி 1995 இல் ஓடத் தொடங்கியது. தண்ணி போகிற வழியில் கவர்மெண்டு தூண் நிறுத்தினால் அதற்குப் பேர் வளர்ச்சித் திட்டம். கரையில் குடிசை போட்டவனுக்குப் பேர் ஆக்கிரமிப்பாளன். 2000க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைக்காரர்கள் நிறைய. பெரும்பகுதி தலித்துகள். 2008 இல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4 இன் பகுதியாக மத்திய அரசு அறிவித்தது. நாளைக்கு நிஜமாகவே படகு விட்டாலும் விடலாம். அப்போது கரையில் யார் இருப்பார்கள் என்பதுதான் நம் கேள்வி. வெட்டினபோது கூப்பிட்டவர்களைக் காலி செய்யும்போது மட்டும்தான் அரசாங்கம் மறுபடி தேடி வருகிறது.

திரும்பி வரும்போது நண்பர் என்னிடம், "உங்க ஊர்ல கால்வாயே கெடையாதா தோழர்?" என்றார். இருக்கிறது. பி.ஏ.பி. வாய்க்கால். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில், மேற்கே போகிற ஆறுகளை மலைக்குள் குடைந்து கிழக்கே திருப்பி, திருமூர்த்தி அணையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அதன் கடைமடை எங்கள் வெள்ளகோவில். பாசனப் பரப்பை நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணி விடுகிறார்கள். மேல்மடைக்காரன் திருடிக்கொள்கிறான், கடைமடைக்குத் தண்ணி வரவில்லை என்று எங்கள் பக்கம் உண்ணாவிரதம், மறியல் எல்லாம் நடந்திருக்கிறது. நியாயமான சண்டைதான். ஆனால் மேல்மடைக்காரன் கடைமடைக்காரன் ரெண்டு பேருக்கும் காடு இருக்கிறது. காடே இல்லாதவன் எந்த மடை? அவனுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது. அந்த வாய்க்காலுக்கு மண் வெட்டினதில் அவன் கை இருக்கிறது என்பதும் அங்கே பேச்சில் வராது.

எங்கம்மா வாய்க்கால் வேலையில் மண் சுமந்தவர். அவர் சொன்னதைச் சொன்னபடியே போடுகிறேன்: "குழி வெட்டுனா நடுவால கொஞ்சம் மண்ண வெட்டாம திட்டா உட்டுருவாங்க. எத்தன ஆழம் வெட்டிருக்கம்னு அதுல அளந்து பாத்துத்தான் கூலி. மேஸ்திரி அளவு குச்சிய எங்க வெக்கறானோ அதுதான் நம்ம சோறு. அளந்து முடிஞ்சதும் அந்தத் திட்டையும் வெட்டி எடுத்துப் போடச் சொல்லுவான். அதுக்குக் கூலி இல்ல சாமி." இதை எந்தத் திட்ட அறிக்கையிலும் பார்க்க முடியாது. பஞ்ச முகாமில் 450 கிராம் அளந்த கையும், எங்கம்மா வெட்டின குழியில் குச்சி வைத்த கையும் வேறு வேறு காலத்தவை. அளக்கப்பட்ட ஜனங்கள் ஒரே ஜனங்கள்.

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது ஒரு வாய்க்கால், ஏரிக்கரை, அணை, ரோடு இருக்கும். அதற்கு மண் சுமந்தவர்களில் இன்னும் சிலர் உயிரோடு இருப்பார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருசம், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, ஆணுக்கு என்ன கூலி, பெண்ணுக்கு என்ன கூலி, மேஸ்திரி எந்தச் சாதி, கூலிக்காரர்கள் எந்தச் சாதி, குடிக்கத் தண்ணி யார் ஊற்றினார்கள், வேலையில் செத்தவர்கள் யார் யார், வாய்க்கால் வந்த பிறகு அவர்களில் யாருக்காவது ஒரு செண்டு பாசன நிலம் கிடைத்ததா என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற வார்த்தையைத் திருத்தாமல் எழுதுங்கள். ஊர்ப் பேரையும், அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேரையும் சேர்த்து எழுதுங்கள். தாலுகா ஆபீசில் பழைய 'ஏ' பதிவேட்டை நகல் கேட்டு, அந்த வாய்க்காலைச் சுற்றிப் பஞ்சமி நிலம் இருந்ததா என்று பாருங்கள். சட்டசபையில் எழுப்புகிற கேள்விக்கும் கோர்ட்டில் போடுகிற வழக்குக்கும் இந்தக் காகிதங்கள்தான் நாளைக்குக் கை கொடுக்கும்.

எங்கள் வளவில் மண் சுமந்தவர்கள் பதினோரு பேரிடம் பேசி எழுதி முடித்திருக்கிறேன். நண்பரும் கால்வாய்க் கரையில் தொடங்கிவிட்டார். உங்களுடையது எப்போது வரும்?